கூடுதல் வாரன்டித் தாளில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: ஐயா, என் மகளுக்குக் கோவையில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்து, ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறோம். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஷோரூமில் ரூ.62,000-க்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். கம்பெனி வாரன்டி ஒரு வருடம்தான். ரூ.7,499 கட்டினால் மேலும் இரண்டு வருடம் வாரன்டி உண்டு, மதர்போர்டு போனால் 25 ஆயிரம் ஆகும், அப்புறம் வருத்தப்படாதீங்க என்று பில் போடும்போது சொன்னார்கள். 15 நாளுக்குள் வந்து கட்ட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் எதுவும் வேண்டாம் என்கிறார், தம்பி கண்டிப்பாகப் போடச் சொல்கிறான். எங்களுக்கு மளிகைக் கடை வருமானம்தான். என்ன செய்யலாம்? கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லி ஒருவர் வந்து கேட்கிறார். அது தேவையா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வணக்கம் அம்மா. 15 நாள் கெடு ஓடிக்கொண்டிருப்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் சொன்ன ரூ.7,499 திட்டத்தை எடுக்க வேண்டாம். அதற்காக, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது போல எல்லாமே வீண் என்றும் விட்டுவிட வேண்டாம். லேப்டாப்பைத் தயாரித்த கம்பெனியே நேரடியாகத் தரும் திட்டம் ஒன்று இருக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, விலை நியாயமாக இருந்தால், அதை எடுக்கத்தான் சொல்வேன். இந்த இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

நான் லேப்டாப் சர்வீஸ் தொழிலில் இருப்பவன். வாரன்டி முடிந்த மெஷின்களும், வாரன்டி இருந்தும் 'இது கவர் ஆகாது' என்று திருப்பி அனுப்பப்பட்ட மெஷின்களும்தான் என் மேஜைக்கு அதிகம் வருகின்றன. அதனால் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் ஒரு மாணவரின் லேப்டாப்பில் உண்மையில் என்ன போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் வருவது பேட்டரி. நாலு மணி நேரம் தாங்கியது ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். அடுத்தது ஹிஞ்ச், அதாவது மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல். இந்த விலையில் வரும் பெரும்பாலான மாடல்களில் பிளாஸ்டிக் பாடிக்குள் சின்னச் சின்ன பித்தளை நட்டுகளைப் பதித்து, அதில்தான் கீலை முடுக்கியிருப்பார்கள். மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் திறந்து திறந்து, அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். அதோடு விடாமல் திறந்து மூடினால் டிஸ்ப்ளேயின் ஓரமும் பிளந்துகொள்ளும். மூன்றாவது டிஸ்ப்ளே. கீழே விழுந்து உடைவதைவிட, கீபோர்டின் மேல் பேனாவையோ இயர்போனையோ வைத்துவிட்டு மூடியை அமுக்கியதால் உடைந்து வருவதுதான் அதிகம். அப்புறம் தண்ணீர், டீ, காபி. சார்ஜர் பின் தளர்வது. ஃபேனில் தூசி அடைத்துச் சூடாவது.

ஹாஸ்டல் மெஷின்களில் இன்னொன்றும் பார்க்கிறேன்: எறும்பு. கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி வேலை செய்யும்போது துகள்கள் கீபோர்டு இடுக்கில் இறங்கிவிடும். பின்மூடியைக் கழற்றினால் ஃபேன் ஓரத்தில், கதகதப்பான இடமாகப் பார்த்து முட்டையோடு குடியேறியிருக்கும். அவை செத்து ஈரம் பட்டால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகை, சுருக்கமாக போர்டு) ஷார்ட் ஆகும். சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து 'பூச்சி' என்று ஜாப் ஷீட்டில் (பழுது விவரம் எழுதும் தாள்) எழுதிவிட்டால் வாரன்டி அத்தோடு சரி.

இப்போது நான் சொன்ன வரிசையை ரூ.7,499 திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரன்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். அதை நீட்டினாலும் அந்தத் தன்மை மாறாது; நாள் மட்டும்தான் நீளும். தண்ணீர் பட்டது, உடைந்தது, பூச்சி புகுந்தது, வோல்டேஜ் ஏறி இறங்கிப் போனது, இவையெல்லாம் பெரும்பாலான திட்டங்களில் விலக்கு. ஹிஞ்ச் உடைந்தால் பெரும்பாலும் 'வெளியிலிருந்து ஏற்பட்ட சேதம்' என்றுதான் எழுதுவார்கள். அது தயாரிப்புக் குறைதான் என்று நிறுவுவது உங்கள் பாடு. பேட்டரியைப் பொறுத்தவரை, மூன்று வருட வாரன்டி போட்டிருந்தாலும் பேட்டரிக்கு ஒரு வருடம் மட்டுமே என்பதுதான் பல கம்பெனிகளின் நடைமுறை. ஆக, அடிக்கடி போகிற பொருள்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன. உள்ளே இருப்பவற்றில் காசு அதிகம் பிடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று, மதர்போர்டு. கடையில் அதைச் சொல்லியே உங்களைப் பயமுறுத்தியதற்குக் காரணமும் அதுதான்.

சரி, மதர்போர்டு கணக்கையே போட்டுப் பார்ப்போம். அவர்கள் சொன்ன 25 ஆயிரத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது போர்டு போட்டால் உங்கள் விலை லேப்டாப்புக்கு அவ்வளவு ஆகலாம். ரூ.7,499 என்பது 25 ஆயிரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். அதாவது இதே மாடலை வாங்கும் 10 பேரில் 3 பேருக்கு, இரண்டாம் மூன்றாம் வருடத்துக்குள், தானாகவே மதர்போர்டு போனால்தான் நீங்கள் எல்லாரும் கட்டிய பணத்துக்குச் சரியாகும். 10-க்கு 3 போர்டு போகிற மாடல் என்று ஒன்று இருந்தால், அதற்கு வாரன்டி போடுவதா என்பது கேள்வியே இல்லை, அதை வாங்கவே கூடாது. எலக்ட்ரானிக் பொருள்களின் சுபாவம் வேறு. தயாரிப்புக் குறை உள்ளவை பெரும்பாலும் முதல் சில வாரங்களில், மாதங்களில் போய்விடும். அதைத் தாண்டியவை சில வருடங்கள் சத்தமில்லாமல் ஓடும். தேய்ந்து பழசாகிப் போவது அதற்கும் பிறகு. முதல் கட்டம் உங்கள் ஒரு வருட வாரன்டிக்குள் வந்துவிடுகிறது. கடைசிக் கட்டம் இந்தக் கூடுதல் இரண்டு வருடத்துக்கும் அப்பால் போய்விடுகிறது. நடுவில் இருக்கும் அமைதியான காலத்துக்குத்தான் பணம் கேட்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். போர்டு போனால் முழு போர்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊர்களில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டை மாற்றாமல் அதில் போன சின்னப் பாகத்தை மட்டும் மாற்றும் வேலை, நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மெஷின் சுத்தமாக ஆன் ஆகவில்லை, சார்ஜிங் லைட்கூட எரியவில்லை என்று வருகிறவற்றில், சார்ஜரிலிருந்து 19 வோல்ட் வரும் பாதையில் ஒரு கெப்பாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்) உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருப்பது சகஜம். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதே பாதையில் பார்க்க ஒரே மாதிரி இருபது முப்பது இருக்கும், போனது எது என்று கண்ணால் தெரியாது. போர்டின் மேல் சீக்கிரம் உலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தைத் தடவி, அந்தப் பாதையில் குறைந்த வோல்ட்டில் கரண்ட் கொடுப்போம். ஷார்ட் ஆன கெப்பாசிட்டர் சூடாகி, அது இருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் சட்டென்று உலர்ந்து காய்ந்த திட்டாகத் தெரியும். அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டால் போர்டு ஓடும். பாகத்தின் விலை சில ரூபாய், வேலைக்கு மூன்றாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை ஆகலாம். இது கட்டப்போகும் வாரன்டித் தொகையைவிடக் குறைவு. எல்லா போர்டையும் இப்படி மீட்க முடியாது. பிராசசரோ கிராபிக்ஸ் சிப்போ செத்திருந்தால் போர்டுதான் மாற்ற வேண்டும். ஆனால் 25 ஆயிரம் என்பது மிக மோசமான நிலைக்கான தொகை, ஒவ்வொரு முறையும் ஆகிற செலவு அல்ல. (வாரன்டி உயிரோடு இருக்கும்போது வெளியே யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். போர்டில் சாலிடர் தொட்ட தடம் இருந்தால் கம்பெனி கைவிரித்துவிடும்.)

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் என்னைத் தயங்க வைப்பது விலையைவிட இதுதான். ஷோரூமில் தரும் நீட்டிப்புத் திட்டங்களில் பல, லேப்டாப் கம்பெனியினுடையவை அல்ல. ஷோரூமே நடத்துவதாகவோ, மூன்றாவது ஒரு நிறுவனம் நடத்துவதாகவோ இருக்கும். நீங்கள் பழுது என்று போனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் 'எங்கள் கணக்கில் வாரன்டி முடிந்துவிட்டது' என்பார்கள். நீங்கள் அந்த மூன்றாவது நிறுவனத்தின் டோல் ஃப்ரீ எண்ணைக் கூப்பிட வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பி எடுத்துப் போய், தங்களுக்கு ஒப்பந்தம் உள்ள இடத்தில் பார்ப்பார்கள். போடும் பாகம் ஒரிஜினலா என்பது அவர்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில திட்டங்களில் நீங்கள் முதலில் காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பில்லை அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். சரிசெய்யச் செலவு அதிகம் என்று முடிவானால், லேப்டாப்பின் வயதுக்கு ஏற்ப மதிப்பைக் கழித்துவிட்டு, மீதிக்கு அதே ஷோரூமில் செல்லும் கூப்பன் கொடுப்பார்கள். அதை வைத்து வேறொரு லேப்டாப் வாங்க வேண்டுமானால் மேற்கொண்டு பணம் போட வேண்டும். இவை எல்லாம் நிபந்தனைகளில் எழுதியே இருக்கும், ஏமாற்று என்று சொல்லவில்லை. பில் போடும் கவுன்டரில் அதைப் படிக்க யாருக்கும் நேரம் தரப்படுவதில்லை என்பதுதான் குறை.

கோவையில் செமஸ்டர் நடுவில் இருக்கும் ஒரு பெண், தஞ்சாவூர் பில்லை வைத்துக்கொண்டு மூன்றாவது நிறுவனத்தோடு போனில் மல்லுக்கட்டுவதை நினைத்துப் பாருங்கள். பழுது ஒருவேளை இலவசமாகவே சரியாகும். ஆனால் அவளுக்கு மெஷின் இல்லாமல் கழியும் நாள்களுக்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

எனவே செய்ய வேண்டியது இது. லேப்டாப்பின் அடியில் சீரியல் நம்பர் இருக்கும். டெல், ஹெச்பி, லெனோவோ, ஏசர், ஆசுஸ் எதுவாக இருந்தாலும், அந்த கம்பெனியின் இணையதளத்தில் வாரன்டிப் பகுதியில் அதைப் போட்டால் உங்கள் வாரன்டி எந்தத் தேதி வரை என்று காட்டும். மகளையே இன்று ராத்திரி பார்க்கச் சொல்லுங்கள். இதில் முதல் பலன்: பல சமயம் அந்தத் தேதி, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லாமல், தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். கடையில் சில மாதம் கிடந்த மெஷின் என்றால் அந்தச் சில மாதங்கள் உங்களுக்கு நஷ்டம். பில்லை அனுப்பித் திருத்தச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் வாரன்டி நீட்டிப்பு இது. பலர் செய்வதே இல்லை.

அதே இடத்தில் கம்பெனியின் சொந்த நீட்டிப்புத் திட்டங்களும் விலையும் தெரியும். பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஆன்சைட்டா, அதாவது ஹாஸ்டலுக்கோ கல்லூரிக்கோ ஆள் வருவார்களா, இல்லை நாம்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? எத்தனை வருடம்? விபத்துச் சேதம் சேர்ந்திருக்கிறதா? இந்த மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். ஆக்சிடென்டல் டேமேஜ் புரொடெக்‌ஷன் என்ற பெயரில் தனியாக இருக்கும். தண்ணீர் கொட்டியது, கீழே விழுந்தது, டிஸ்ப்ளே உடைந்தது ஆகியவற்றுக்கு அதுதான் வரும். நாலு பேர் தங்கும் அறை, பங்க் கட்டில், பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில், பேருந்தில் போக்குவரத்து என்று இருக்கும் முதல் வருட மாணவிக்கு, தானாகப் போகும் மதர்போர்டைவிட இந்த ஆபத்துகள்தான் பக்கத்தில் இருக்கின்றன. கீபோர்டு வழியாகத் தண்ணீர் இறங்கினால் கீபோர்டு, போர்டு, சில சமயம் டிஸ்ப்ளே கேபிள் வரை போகும். லேப்டாப் விலையில் பாதியைத் தொடும் செலவு அது, சிப் லெவலிலும் எளிதில் கட்டுப்படாது. ஒரு வருடத்தில் எத்தனை முறை கிளெய்ம் செய்யலாம், ஒவ்வொரு முறையும் நாம் ஒரு பங்கு கட்ட வேண்டுமா என்பதை மட்டும் பணம் கட்டும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

விலையில் என் அளவுகோல் இது. கம்பெனியின் திட்டம், விபத்துச் சேதமும் சேர்த்து, லேப்டாப் விலையில் 10 சதவீதத்துக்குள், அதாவது உங்களுக்கு ரூ.6,000 சுற்றி வந்தால், யோசிக்காமல் எடுங்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். இடையில் இருந்தால், ஆன்சைட் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஹாஸ்டல் பிள்ளைக்கு ஆன்சைட்டுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. போடும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

15 நாள் கெடுவைப் பற்றி: அது ஷோரூமின் கெடு. தயாரிப்புக் கம்பெனிகளில் பலவும், முதல் வருட வாரன்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பு வாங்க அனுமதிக்கின்றன. விபத்துச் சேதத் திட்டத்தை மட்டும் பல கம்பெனிகள் வாங்கிய தொடக்க நாள்களிலேயே எடுக்கச் சொல்கின்றன. ஆகவே விபத்துத் திட்டத்தை இப்போதே பாருங்கள். வெறும் வாரன்டி நீட்டிப்பை, கம்பெனி தளம் அனுமதித்தால், பதினோராம் மாதம் வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் மெஷினின் குணம் தெரிந்துவிடும். முதல் வருடத்திலேயே ஒருமுறை போர்டு மாற்றியிருந்தால், அடிக்கடி சூடாகி அணைந்தால், அப்போது நீட்டிப்பு வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

லேப்டாப்பை இஎம்ஐயில் எடுத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள். வாரன்டித் தொகையையும் கடனில் சேர்த்துவிடுவது ஷோரூம்களில் நடக்கிற வழக்கம். மாதம் இருநூறு முந்நூறு ரூபாய்தான் கூடும் என்று சொன்னதும் பலரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகைக்கும் சேர்த்து வட்டி ஓடும். பில்லில் லேப்டாப் தவிர வேறு வரி இருக்கிறதா என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

யாராவது 'வாரன்டி எடுத்தால்தான் இந்த விலைக்கு லேப்டாப் தருவோம்' என்று கட்டாயப்படுத்தினால் அதற்குப் பணிய வேண்டியதில்லை. ஒரு பொருளை விற்க வேறொரு பொருளையோ சேவையையோ வாங்கச் சொல்லி நிபந்தனை போடுவதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையாக (ரெஸ்ட்ரிக்டிவ் டிரேட் பிராக்டிஸ்) வகைப்படுத்துகிறது. வாரன்டிக்குள் பழுதாகி, சர்வீஸ் சென்டரில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அந்தப் புகார் கம்பெனியின் பார்வைக்குப் போனாலே பல பிரச்சினைகள் தீர்ந்துவிடுவதை என் வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தஞ்சாவூரில் வாங்கியதால் அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று இந்தச் சட்டம் சொல்வதால், நீங்கள் திருவாரூரிலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பில் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல கடைகளில் பில்லை வழுவழுப்பான தெர்மல் தாளில் தருகிறார்கள். பீரோவில் வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும். தேதி தெரியாத பில்லோடு வாரன்டி கேட்டு நிற்பவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இன்றே போனில் படம் எடுத்து, மகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அல்லது கடையில் கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கமான வாரன்டி தராத ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்டி (லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் பாகம்) போனால் புது எஸ்எஸ்டி தருவார்கள். அதில் இருந்த மகளின் ப்ராஜெக்ட், ரெக்கார்டு, படங்கள் எதுவும் வராது. உள்ளே இருக்கும் தகவலுக்குக் கம்பெனிகள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதி நம்மிடமே கையெழுத்து வாங்குவார்கள். கடைசி வருடப் ப்ராஜெக்ட் முழுக்க ஒரே மெஷினில் வைத்திருந்த பிள்ளைகள் என் எதிரே அழுதிருக்கிறார்கள். அதைத் திருப்பி எடுக்க முயன்று, சில சமயம் முடிந்திருக்கிறது, பல சமயம் முடிந்ததில்லை. ஷோரூம் திட்டத்துக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு பகுதிக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை அதில் நகல் எடுக்கப் பழக்குங்கள். முக்கியமானதை கூகுள் டிரைவிலும் போட்டு வைக்கட்டும். மீதியை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மகள் பெயரிலோ உங்கள் பெயரிலோ தனியாக விட்டு வையுங்கள். பழுது வந்தால் அதில் எடுங்கள். உங்கள் வருமானத்தைச் சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: திடீர்ச் செலவைத் தாங்க முடியாது என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு, பழுது வராவிட்டால் திரும்பி வராத தாளைவிட, எந்தப் பழுதுக்கும் எடுக்கக்கூடிய பணம் மேல்.

பதினோராம் மாதத்தில் மகள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் என்று ஒன்று எடுக்கலாம். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் காட்டும். இரண்டாவது எண் மிகவும் இறங்கியிருந்தால் வாரன்டி முடிவதற்குள் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சோதிக்கச் சொல்லட்டும். அவர்கள் சோதனையில் பேட்டரி பழுது என்று வந்தால் மாற்றித் தருவார்கள். அதே நாளில் எல்லா யுஎஸ்பி துளைகள், கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தும், ஹிஞ்ச் இறுக்கம் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். ஒரு வருட வாரன்டியை முழுசாகப் பயன்படுத்துகிறவர்களே குறைவு.

கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒப்பந்தம் தேவையில்லை. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி ஏற்கனவே இருக்கும். பெட்டியோடு வாங்கிய இன்டெல், ஏஎம்டி பிராசசருக்கு 3 வருடம், மதர்போர்டுக்குப் பொதுவாக 3 வருடம், எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5 வருடம். அசெம்பிள் செய்தவரிடம் பாகங்கள் தனித்தனியாகக் குறித்த பில் வாங்கி வைத்திருந்தால் போதும். வருடாந்தர ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஆள் வருவதற்கான கூலி மட்டும்தான் சேரும், பாகம் மாற்றினால் தனியே காசு கேட்பார்கள். உங்களிடம் வந்தவர் எழுதிக் கொடுக்கும் தாளில் பாகமும் சேருமா என்று கேட்டுப் பாருங்கள். பழுது வந்தால் அப்போது ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கும் காசே உங்களுக்குக் குறைவாக ஆகும்.

மளிகைக் கடை கம்ப்யூட்டருக்கு எமன் தூசிதான். மாவு, மிளகாய்த்தூள், சாக்குத் தூசி எல்லாம் ஃபேன் இழுக்கும் காற்றோடு உள்ளே போய், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கில் அப்பிக்கொள்ளும். சிபியூவைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மூட்டை அவிழ்க்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கம் திறந்திருக்கும் ஸ்லாட்டுகளுக்கு உலோக மூடி போடச் சொல்லுங்கள். அந்த வழியாகப் பல்லி புகுந்து எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஷார்ட் ஆவது நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. யுபிஎஸ் பேட்டரி வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பில்லிங் மென்பொருளின் பேக்கப்பை தினமும் கடை சாத்தும் முன் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

லேப்டாப்பின் மாடல் பெயரையும், கம்பெனி தளத்தில் காட்டும் திட்டங்களின் விலையையும் எழுதி அனுப்புங்கள். ஷோரூமின் 15 நாள் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் விபத்துத் திட்டத்தின் விவரத்தை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள். எந்தத் திட்டம் உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.